மாமரத்துக் கோயில்

1943 ஆகஸ்ட் 9, திங்கள்

ஆபீசில் காதில் விழுவதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எழுதி வைக்க மாட்டேன் என்றும் அதில் இருந்திருக்கலாம். இங்கிலீஷில் நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போதே ஞானமுத்து சார் பேனாவை நீட்டிவிட்டார். படிக்காத பக்கத்துக்கு நான் பொறுப்பில்லை. அதனால் எழுதுகிறேன்.

வேலை இதுதான். எழும்பூரில் ஒரு பழைய பங்களா. சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து ஜப்பான்காரன் தமிழில் நடத்தும் ரேடியோவை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு வார்த்தை விடாமல் முழுசாக எழுதித் தர வேண்டும். பக்கத்து மேஜையில் ஞானமுத்து சார் அதையே கேட்டுத் தனியாக எழுதுவார். இரண்டு பிரதியும் மாடியில் இருக்கும் துரைக்குப் போகும். துரை தமிழ்ப் பரீட்சை தேறியவர். அந்தப் பெருமையை ஒரு நாளும் விட்டுக்கொடுக்க மாட்டார். இரண்டு பிரதியையும் ஒத்துப் பார்த்து, ஒரு சொல் வித்தியாசம் இருந்தாலும் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு அனுப்புவார்.

எனக்கு இந்த வேலை கிடைத்ததற்கு ஒரு காரணம் நான் தேறிய தமிழ்ச் சுருக்கெழுத்துப் பரீட்சை. இன்னொரு காரணம் அவர், என்னைக் கட்டியவர். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கலியாணமாகி ஒரு வருஷம் நிறைவதற்குள் மலேயாவுக்குக் கப்பலேறினார். சிங்கப்பூர் விழுந்த பிறகு 'காணவில்லை' என்று தந்தி வந்தது. அதற்கப்புறம் சர்க்கார் வாயைத் திறக்கவில்லை. பட்டாளத்தான் பெண்டாட்டி விசுவாசமாக இருப்பாள் என்று துரை நினைக்கிறார். இருக்கிறேன். அதில் என்ன சந்தேகம்.

புரசைவாக்கத்தில் இந்த மாடிப் போர்ஷனில் நானும் என் மாமியாரும்தான். அத்தையிடம் தபால் ஆபீஸ் வேலை என்று சொல்லியிருக்கிறேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. இந்த நோட்டு அவர் கண்ணெதிரே கிடந்தாலும் பயமில்லை.

ஆகஸ்ட் 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் அத்தைக்கு என் நெற்றி போதாது. வைத்த குங்குமத்துக்கு மேல் இன்னொரு முறை அப்பிவிட்டுத் தாலிச் சரட்டில் மஞ்சளைத் தேய்த்தார். "டிராம்ல போறவன்லாம் பாக்கட்டும், இவ புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கான்னு" என்றார். ஜாக்கெட்டெல்லாம் மஞ்சள்.

கீழ்வீட்டு பாக்கியத்தம்மாள் காஞ்சிபுரம் போகிறாளாம். "என்ன தையல்நாயகி, உங்க ஊர்லேர்ந்து என்ன வேணும்?" என்று கேட்டாள். "மாமரத்துக் கோயில் விபூதி" என்றேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. படித்த பெண் இப்படிச் சொல்கிறாளே என்று தெருமுனை வரை சொல்லிக்கொண்டு போயிருப்பாள்.

என்ன செய்வது. எங்கள் ஊர்ப் பெரிய சிவன் கோயில் சாமி பெயரும் அவர் பெயரும் ஒன்று. கட்டியவர் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். அதனால் கோயிலுக்குள் இருக்கும் பழைய மாமரத்தின் பெயரால் கோயிலைச் சொல்லிப் பழகிவிட்டேன். ஆயுசு குறையும் என்பதை நான் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் வாய் வரவில்லை. கை கூட வரவில்லை, பாருங்கள், இங்கேயும் எழுதாமல்தான் ஓட்டுகிறேன்.

ஆகஸ்ட் 20, வெள்ளி

ரேடியோவில் இன்று ஒரு புது ஆள். பெயர் 'வீரத்தமிழன்' என்று சொல்லிக்கொள்கிறான். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்து ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, இப்போது சுதந்திரப் படையில் சேர்ந்துவிட்டானாம். வழக்கமாகப் பேசுகிறவன் கத்துவான். ஹெட்போனைக் கழற்றினாலும் காதில் இரைச்சல் நிற்காது. இவன் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தவன் மாதிரி நிதானமாகப் பேசுகிறான்.

"சோறு போட்ட சர்க்காருக்குத் துரோகம் பண்ணிட்டு என்ன நிதானம் வேண்டிக்கிடக்கு இவனுக்கு" என்றார் ஞானமுத்து சார். நானும் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 27, வெள்ளி

அவன்தான் இன்றும். மழை இரைச்சலில் பாதி போய்விட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது.

செப்டம்பர் 3, வெள்ளி

எழுத்து கோணுகிறது. காப்பி குடிக்காததால் இருக்கும்.

வீரத்தமிழன் பேச்சின் நடுவே தும்மினான். ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு, சேர்ந்தாற்போல் இரண்டு. கடைசியில் ஒரு சின்ன முனகல். பிறகு மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

நான் "நூறு" என்று சொல்லிவிட்டேன், வாய்விட்டு. யாராவது தும்மினால் அத்தை 'நூறு, இருநூறு' என்று ஆயுசைக் கூட்டுவார். அந்த வீட்டுப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஞானமுத்து சார் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தி என்னைப் பார்த்தார். நான் பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன். நன்றாகச் சீவியிருந்த பென்சில்.

அவர் குரல் எனக்கு என்ன தெரியும்? சேர்ந்து இருந்ததே கொஞ்ச நாள். சாப்பாடு ஆயிற்றா, கதவைச் சாத்து, இந்தக் குப்பியில் தண்ணீர் பிடி, இவ்வளவுதான் பேசுவார். நாளெல்லாம் மருந்துப் பொடி மூக்கில் ஏறுவதால் பேசியதை விடத் தும்மியது அதிகம். கண்ணை மூடிக்கொண்டு அவர் முகத்தை நினைத்தால் பின்கழுத்துதான் வருகிறது. தும்மல் மட்டும் தெரியும்.

உலகத்தில் எத்தனையோ பேர் தும்முகிறார்கள்.

செப்டம்பர் 4, சனி

அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ரங்கூன் அரிசி நின்ற பிறகு ரேஷன் கடையில் கல்லும் அரிசியும் சரிபாதியாகப் போடுகிறார்கள். நானும் உட்கார்ந்து பொறுக்கியபடி, சும்மா கேட்பதுபோல் கேட்டேன்: "அத்தை, அவங்க தும்மினா முதல்ல ஒண்ணு, அப்புறம் ரெண்டு சேர்ந்தாப்ல வருமில்ல?"

அத்தை முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாண்டி! ஒண்ணு தனி, ரெண்டு ஜோடி. நூறு, இருநூறு, முந்நூறுன்னு நான் முடிக்கறதுக்குள்ள முனகிக்குவான். சின்னதுலேர்ந்தே அப்டித்தான். ஏண்டி கேக்கறே?"

"சும்மாத்தான்."

அத்தை தன் ஞாபகத்திலிருந்து சொன்னாரா, நான் கேட்டதையே திருப்பிச் சொன்னாரா? நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. எப்படித் தும்முவார் என்று மட்டும் கேட்டிருக்க வேண்டும். இனிமேல் கேட்டுப் பிரயோசனமில்லை.

செப்டம்பர் 10, வெள்ளி

கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனேன். காரணம் ஒன்றும் இல்லை, வாசலில் பூக்காரி வந்தாள்.

இன்று அவர் பட்டாளத்தில் இருக்கிறவர்களின் தாய்மாரைப் பற்றிப் பேசினார். ஊரில் பிள்ளைக்கென்று ஒரு பிடி சோறு எடுத்து வைத்துக் காத்திருப்பார்கள் என்றார். அத்தை அப்படித்தான் செய்கிறார். என்ன அழகாகச் சொல்கிறார். சுருக்கெழுத்தில் எடுக்கும்போது கோடுகள் கூட நேராக விழுந்தன.

காவேரியில் குளித்த நாளை மறக்க மாட்டேன் என்றும் சொன்னார். எங்கள் ஊரில் பாலாறு, அதிலும் பாதி நாள் மணல். அவர் காவேரியைப் பார்த்தே இருக்க மாட்டார். ஆனால் அடையாளம் தெரியாமல் இருக்க வேண்டுமென்று ஊரை மாற்றிச் சொல்வது நியாயம்தானே. பெயரையே மாற்றியிருக்கிறார், ஆற்றை மாற்ற மாட்டாரா.

செப்டம்பர் 24, வெள்ளி

காஞ்சிபுரத்திலிருந்து மூத்தார், அவருடைய அண்ணன், வந்திருக்கிறார். குருக்களிடம் பேசிவிட்டாராம். இத்தனை நாள் சேதி இல்லாதவனுக்குத் தர்ப்பையில் பொம்மை செய்து எரித்துக் காரியம் பண்ணிவிடலாம், பண்ணாவிட்டால் ஆவி அலையும் என்று குருக்கள் சொல்லிவிட்டாராம்.

அத்தை ஆடித் தீர்த்துவிட்டார். "அலையறது ஒன் ஆவிதாண்டா! எம்புள்ளைக்கு நீச்சல் தெரியும். கடலே வந்தாலும் நீந்திக் கரை சேருவான். ஒரு புல்லுக் கட்டக் கொளுத்திட்டு இவ கழுத்த வெறுங்கழுத்தாக்கணுமா? நான் உசுரோட இருக்கறவரைக்கும் நடக்காது!"

"நீ என்னம்மா சொல்றே?" என்று மூத்தார் என்னைக் கேட்டார். நான் ரசத்தில் பெருங்காயம் போட்டேனா என்று பார்க்க உள்ளே போனேன். போட்டிருந்தேன். மறுபடியும் போட்டேன்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அத்தை பொழுது விடிவதற்குள் புரசைவாக்கம் பூராவும் சர்க்கரை வழங்கிவிடுவார். பத்து மணிக்கு போலீஸ் வந்து நிற்கும்.

அக்டோபர் 12, செவ்வாய்

ஊரெல்லாம் வெள்ளம். கூவம் கரை தாண்டிவிட்டது. இந்த லட்சணத்தில் அபாயச் சங்கு வேறு ஊதியது. துறைமுகப் பக்கம் குண்டு விழுந்தது என்று பால்காரன் சொல்கிறான். ஒன்றும் விழவில்லை, இடி என்று பாக்கியத்தம்மாள் சொல்கிறாள். ஆபீசில் கேட்டேன். "விழுந்திருந்தா நமக்குச் சொல்வாங்களா, விழலைன்னா நமக்குச் சொல்வாங்களா" என்றார் ஞானமுத்து சார்.

போன வாரம் ரேடியோவில் அவர் "வருகிறோம்" என்றார். வருவது இப்படித்தானா? அம்மா குடியிருக்கிற ஊர் என்று ஒரு நினைப்பு வேண்டாமா? எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சங்கு ஊதியபோது மாடிப்படிக்கு அடியில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். குண்டு போடுகிறவர்கள் பக்கம் இருப்பவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று குண்டுக்குக் கீழே உட்கார்ந்து வேண்டுகிற முட்டாள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்டோபர் 15, வெள்ளி

நன்றாகக் கேட்டது. முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எங்கள் ஊர்க் கோயில் தேரைப் பற்றிப் பேசினார்! எவ்வளவு சுற்றினாலும் தேர் நிலைக்கு வந்துதானே ஆக வேண்டும், நாங்களும் வருவோம் என்றார். காஞ்சிபுரத்துக்காரர் தவிர வேறு யாருக்கு அந்தத் தேர் ஞாபகம் வரும்?

சந்தோஷமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. தூக்கம் வராது.

அக்டோபர் 18, திங்கள்

மெதுவாக எழுத வேண்டும். நடந்தது நடந்தபடி.

போனதும் துரை கூப்பிடுகிறார் என்றார்கள். மேஜையில் வெள்ளிக்கிழமைப் பிரதிகள் இரண்டும் இருந்தன. என் பிரதியில் ஒரு இடத்தில் சிவப்புக் கோடு. ஞானமுத்து சார் சுவரோரம் நின்றார்.

"அம்மா, பேசியவன் சொன்ன கோயிலின் பெயரை நீர் ஏன் மாற்றி எழுதினீர்?" என்று துரை தன் பரீட்சைத் தமிழில் கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். சார் பிரதியில் சாமி பெயர் இருந்தது. என் பிரதியில் 'மாமரத்துக் கோயில்' என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி எழுதியது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கை அது பாட்டுக்கு எழுதியிருக்கிறது.

யாருக்கோ ஜாடை காட்டுகிறேன் என்று துரைக்குச் சந்தேகம். ஞானமுத்து சார்தான் இங்கிலீஷில் சொன்னார், இந்தப் பெண்ணின் புருஷனுக்கும் அந்தச் சாமி பெயர்தான், எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், எழுதவும் கூசுவார்கள் என்று. உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். துரை முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. என்னைப் பற்றிய காகிதங்களைக் கொண்டுவரச் சொன்னார். புருஷன், காஞ்சிபுரம், சிங்கப்பூரில் காணவில்லை.

"இந்த வீரத்தமிழன் உமது புருஷனோ?"

யார் பேசியிருந்தாலும் நான் அப்படித்தான் எழுதியிருப்பேன். பேசியவருக்கும் இந்தப் பிசகுக்கும் சம்பந்தமே இல்லை. இதை எந்தப் பாஷையில் விளக்குவது? ஆமாம் என்றால் யுத்தம் முடிந்ததும் அவரைத் தூக்கில் போடுவார்கள். தெரியாது என்றாலும் அவர் பெயர் துரோகிகள் பட்டியலில் ஏறிவிடும். மிச்சம் இருந்தது ஒரு வார்த்தைதான்.

"இல்லை."

"எவ்விதம் அறிவீர்?"

"அவங்க செத்துப் போயிட்டாங்க."

"சர்க்கார் அவ்விதம் சொல்லவில்லையே?" துரை என் நெற்றியைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் இதுவும் இருந்திருக்கும். "செத்தவனுடைய மனைவி இவ்விதம் இருப்பதுண்டோ?"

"என் மாமியாருக்காக வச்சிருக்கேன். அவங்க நம்பலை. நான் நம்பறேன்."

துரை நாற்காலியில் சாய்ந்தார். "நல்லது. உயிரோடிருக்கும் புருஷனுடைய பெயரைத்தானே சொல்லக்கூடாது? செத்தவனுடைய பெயரைச் சொல்லலாம் அல்லவா? சொல்லும்."

ஞானமுத்து சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிடுவதுபோல் சத்தமாக. இந்தக் குரல் அவருடையது இல்லை என்றேன். வாய் குழறவில்லை. அந்தப் பெயரை என் குரலில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நல்ல பெயர். இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டேனே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

துரை சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார். "சரி" என்றார்.

படியிறங்கும்போது சார் கூடவே வந்தார். "ஒரு வாரம் லீவு எழுதிக் குடுங்கம்மா. ஊருக்குப் போயி செய்ய வேண்டியதச் செஞ்சிட்டு வந்திருங்க. துரை மறுபடியும் ஒங்க நெத்தியப் பாப்பாரு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?"

"நான் அன்னைக்கு நீங்க 'நூறு'ன்னு சொன்னதக் கேட்டேன். வேற ஒண்ணும் நான் கேக்கல" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். எனக்கு வழி காட்டினாரா, என்னை மாட்டி வைத்தாரா, இந்த நிமிஷம் வரை புரியவில்லை.

அக்டோபர் 19, செவ்வாய்

அத்தையிடம் சொன்னேன். "மூத்தார் சொன்னபடியே செஞ்சிடலாம் அத்தை."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. குரல் கம்மிப்போய், "தபால் ஆபீஸ்ல எவனையாவது பாத்து வச்சிருக்கியாடி?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். சொல்லும்போது முகம் சுட்டது. நான் என்ன தப்பு செய்தேன், முகம் சுடுவதற்கு?

அக்டோபர் 26, செவ்வாய். காஞ்சிபுரம்

தீபாவளிக்கு முன்னால் முடித்துவிட வேண்டுமென்று மூத்தாருக்கு அவசரம். எல்லாவற்றையும் சுருக்கிவிட்டார்கள். தர்ப்பைப் பொம்மை நன்றாக எரியவில்லை. மழை ஈரம். நெய் ஊற்றினார்கள். நான் அது எரியக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று குளக்கரையில் வளையல்களை உடைத்தார்கள். தாலியை வாங்கிப் பால் சொம்பில் போட்டார்கள். டொக்கென்று அடியில் போய் உட்கார்ந்தது. என் அண்ணன் கோடிப் புடவை கொண்டுவந்து தோளில் போட்டுவிட்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. எல்லாப் பெண்களும் என் முகத்தையே பார்த்தார்கள். அவர் உயிரோடிருந்தால் இவ்வளவும் பொய். உயிரோடில்லை என்றால் இதுதான் நான் அவருக்காக அழ வேண்டிய நாள், அழாமல் நிற்கிறேன். எதற்கென்று தெரியாமல் எப்படி அழுவது?

அத்தை காலையிலேயே மாமரத்துக் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினார். என்னைப் பார்த்தார். கால் கூடக் கழுவாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நவம்பர் 5, வெள்ளி

வேலைக்குப் போனேன். துரை படியில் எதிரே வந்தார். என் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி ஒரு வணக்கம் போட்டார். பாவம், மனசாரத்தான் போட்டார்.

வீரத்தமிழன் பேசவில்லை. நான் லீவில் இருந்த வெள்ளிக்கிழமைகளிலும் பேசவில்லையாம், ஞானமுத்து சார் சொன்னார். பழைய ஆள் கத்தினான்.

நவம்பர் 12, வெள்ளி

இல்லை.

நவம்பர் 19, வெள்ளி

இன்றும் இல்லை. நான் பெயரைச் சொன்ன நாளிலிருந்து அவர் குரல் இல்லை. நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. சுருக்கெழுத்துப் பரீட்சையில் முதல் வகுப்பு.

அத்தை என்னோடு பேசுவதில்லை. "சோறு இருக்கு" என்று சுவரிடம் சொல்வார், நான் எடுத்துப் போட்டுக்கொள்வேன். அவருக்காக எடுத்து வைக்கும் அந்த ஒரு பிடியை மட்டும் இன்னும் எடுத்து வைக்கிறார். என் கண்ணில் படும்படி வைக்கிறார்.

டிசம்பர் 3, வெள்ளி

இல்லை. வரும் வழியில் டிராமை விட்டுவிட்டு நடந்தே வந்தேன். நான்தான் கொன்றேன். ஒரு தடவை சொன்னதற்கே இப்படி.

டிசம்பர் 10, வெள்ளி

வந்துவிட்டார்!

குரல் கட்டியிருக்கிறது. காய்ச்சலில் கிடந்தாராம். பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்பே தும்மினார். ஒன்று. பிறகு இரண்டு. முனகல். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். மனசுக்குள் மூன்றையும் எண்ணினேன். ஞானமுத்து சார் இருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேச்சை முடிக்கும்போது, ஊரில் எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவள் மேல் ஆணை என்றார். அவருக்குத் தங்கை கிடையாது. வீட்டுக்கு அவர்தான் கடைசி.

ரேடியோவில் பேசுகிறவர்களுக்கு எல்லோரும் தங்கைதான். அப்படித்தான் சொல்வார்கள்.

டிசம்பர் 12, ஞாயிறு

தீபத்துக்குக் காஞ்சிபுரம் போன பாக்கியத்தம்மாள் இன்று மத்தியானம் திரும்பினாள். படியேறி வந்து என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தாள். முன்னைப்போல் கேலி எல்லாம் இல்லை. என் நெற்றியைப் பார்க்காமல் பேசிவிட்டுக் கீழே இறங்கினாள்.

அத்தை முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "என்னது?" என்று சுவரைக் கேட்டார்.

"விபூதி அத்தை. மாமரத்துக் கோயில்லேர்ந்து."

பொறுக்குகிற விரல் நின்றது. "எந்தக் கோயில்?"

நான் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"சாமி பேரச் சொல்லேண்டி. இப்ப ஒனக்கு என்ன தடை? தாலிதான் போயிடுச்சே." வெகு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். "செத்தவனுக்கு ஏதுடி ஆயுசு, கொறையறதுக்கு? சொல்லு."

வாயைத் திறந்தேன். துரைக்கு முன்னால் கணீரென்று வந்த பெயர், பெற்றவளுக்கு முன்னால் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். எழுந்துபோய் மாடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து என் மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். அந்தக் கண்களை நான் எப்படி எழுதுவேன்.

"நான் ஒண்ணும் கேக்கல. நீயும் ஒண்ணும் சொல்லாத" என்றார் மெதுவாக. பிறகு, "ஒண்ணே ஒண்ணு மட்டும். அன்னைக்குத் தும்மலப் பத்திக் கேட்டியே. இன்னும் தும்மறானா?"

காவேரியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். தங்கையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அது அவர்தானா என்று எனக்கே தெரியாது அத்தை, அவர் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது, வெள்ளிக்கிழமை வந்தால் போதும் என்று இருக்கிறது எனக்கு, அது யாருக்காக என்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். துரையிடம் அவர் இல்லை என்று சொன்னேன். இப்போது இருக்கிறார் என்று சொன்னால் இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று தெரியாமலே இரண்டையும் சொல்கிறவள் உண்டா?

"தும்மறாங்க அத்தை" என்றேன். "மூணு. சளி பிடிச்சிருக்கு."

அத்தை கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கி எண்ணினார். "நூறு. இருநூறு. முந்நூறு." பிறகு பொட்டலத்தைப் பிரித்து என் நெற்றியில் விபூதியைப் பூசினார். பூசிக்கொண்டே, கீழ்வீட்டுக்குக் கேட்கும்படி, தெருவுக்கே கேட்கும்படி, "என்ன வுட்டுட்டுப் போயிட்டியேடா, என் ராசா! பாழாப்போன கடலு முழுங்கிடுச்சேடா!" என்று உரக்க ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. கன்னத்தில் சிரிப்பு அடங்கவில்லை. "அழுடி, நீயும் அழு, கீழ கேக்கட்டும்" என்று என் காதோடு சொல்லிவிட்டு, மறுபடியும் பெருங்குரலெடுத்தார்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.